சடை நாயும் சின்னக் கையும்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு இரண்டாவது காபிக்காகக் காத்திருந்த வேளையில், சென்னையில் அடுக்குமாடி வீடொன்றின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கும் என் தம்பி மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. ஒரு வயதும் பத்து மாதமும் ஆன பெண் குழந்தைக்குத் தாய் அவள். வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்ற எண்ணம் கணவன் மனைவி இருவருக்கும் ஒருங்கே உண்டாகி, பல நாள் பேச்சில் ஊறி, இன்ன நாய் என்று தீர்மானிக்க வேண்டிய கட்டத்துக்கு வந்து நின்றிருந்தது. ஐம்பது வருஷமாக ஏதாவதொரு நாய்க்குச் சோறு போட்டு, அதன் பலனாக உறவினரிடையே 'நாய்க்காரப் பெரியப்பா' என்ற பட்டத்தையும் சம்பாதித்துக்கொண்டவன் நான் என்பதால், விஷயம் என்னிடம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"பெரியப்பா, சின்னதா இருக்கணும், முடி கொட்டக் கூடாது, பாப்பாவோட நல்லா விளையாடணும். அப்படி எந்த ஜாதி நாய் இருக்குன்னு சொல்லுங்க. இவருக்கு வேற, தூசின்னாலே தும்மல்."

கேட்பதற்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த நிபந்தனைகள், ஒரே வீட்டில் குடியிருந்தும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகளைப் போன்றவை. மிகச் சிறிய நாய், நடை பழகும் குழந்தைக்கு ஏற்றதாக அமைவது அரிது. முடி கொட்டாத நாய் தும்மலையும் வரவொட்டாது என்பதற்கு யாரும் ஜாமீன் நிற்க முடியாது. குழந்தையோடு விளையாடுவது என்பதோ, நாயின் ஜாதியைக் காட்டிலும் அதை வளர்க்கும் பெரியவர்களின் கண்ணையே அதிகம் பொறுத்தது. இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னால் பெரியப்பா பிரசங்கம் செய்கிறார் என்று தோன்றிவிடுமே என்று எண்ணி, ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டேன்.

முடியிலிருந்து தொடங்குவதே நியாயம். அவளுடைய கவலையும் அதிலிருந்துதான் தொடங்கியது. நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களில் ஜாதி நாய் என்றால் வெகுகாலம் வெள்ளைச் சடை நாய்தான். 'பொமேரியன்' என்று வாய் நிறைய நாம் அழைத்து வந்த அந்தப் பிராணி, பெரும்பாலும் ஸ்பிட்ஸ் என்று அறியப்படுவது. மேலே நீண்ட ரோமமும், அதன் அடியில் பஞ்சு போன்ற மற்றொரு ரோமமும் ஆக இரட்டைப் போர்வை போர்த்துப் பிறந்தது. என் வீட்டிலும் அப்படி ஒன்று பதின்மூன்று வருஷம் வாழ்ந்தது. சுபாவத்தில் உத்தமமான ஜீவன். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை, இலவங்காய் வெடித்தாற்போல், தன் அடி ரோமத்தையெல்லாம் வீடெங்கும் பரப்பிவிடும். இட்லி மாவிலும், என் கறுப்புக் கால்சராயிலும், பூஜை அறைக் குத்துவிளக்கின் எண்ணெயிலும் வெள்ளை மயிர் மிதந்த நாட்களை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை. என்னை மன்னிக்கவும் இல்லை.

இதைக் கண்டு பயந்தவர்கள் நேர் எதிர்த் திசையில் ஓடி, 'குட்டை மயிர் நாய் வாங்கினால் தொல்லை இராது' என்று முடிவு கட்டுவதுண்டு. அது சரியல்ல. பக் நாய்க்கும் பீகிள் நாய்க்கும் மயிர் விரற்கடை நீளந்தான். ஆயினும் அவை உதிர்க்கும் மயிருக்கு அளவில்லை. சடை நாயின் மயிராவது பந்து பந்தாய்ச் சுருண்டு துடைப்பத்துக்கு அகப்படும். குட்டை மயிரோ ஊசி போல் மெத்தையிலும் சோபாவிலும் குத்திக்கொண்டு நின்று, குழந்தையின் துணியெல்லாம் ஏறும். முடியின் நீளத்துக்கும் அது கொட்டுவதற்கும் நேரான சம்பந்தம் கிடையாது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் சம்பந்தம் எதனோடு? ஒவ்வொரு மயிருக்கும் ஆயுள் என்று ஒன்று உண்டு என்பதே விடை. மயிர் வேரில் முளைத்துச் சிறிது காலம் வளர்கிறது. பிறகு வளர்ச்சி நின்று ஓய்வெடுக்கிறது. ஓய்வின் முடிவில் உதிர்ந்து, அடுத்த மயிருக்கு இடம் விடுகிறது. நம் உடம்பிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. புருவ மயிர் சில மாதங்களே வளர்ந்து, ஓர் அளவோடு நின்றுவிடுவதால், புருவத்துக்காக யாரும் சலூனுக்குப் போவதில்லை. தலைமயிரோ வருஷக்கணக்கில் வளர்ந்துகொண்டே போவதால், வெட்டாவிட்டால் தோளைத் தொடுகிறது. நாய்களிலும் இதே வித்தியாசந்தான். ஸ்பிட்ஸ், ஹஸ்கி முதலியவற்றின் மயிரில் பெரும்பகுதி எப்போதும் ஓய்வு நிலையில், உதிரத் தயாராக நிற்பது; பூடில் நாயின் மயிரோ நம் தலைமயிரைப் போல நெடுங்காலம் வளர்ந்துகொண்டே இருப்பது. வளர்வது நின்றால்தானே உதிர்வதற்கு?

இந்த வேற்றுமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை, 80 ஜாதிகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பரிசோதித்து, 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். உலகத்து ஜாதி நாய்களின் ரோமத்தில் நாம் காணும் எண்ணற்ற விசித்திரங்களில் பெரும்பாலானவை மூன்றே மூன்று மரபணுக்களின் சேர்க்கையால் விளைகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு: ஒன்று மயிரை நீளமாக்குவது, ஒன்று சுருளச் செய்வது, மற்றொன்று மீசையும் புருவமும் தடித்து வளரும்படி செய்வது. இந்த மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். மீசைக்காரக் கிழவரைப் போன்ற முகம் வாய்த்த நாய்கள் பொதுவாக முடி கொட்டாதவையாகவும் இருக்கின்றன. ஆகவே, கடையில் குட்டி விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும், தாய் நாய்க்கு மீசையும் அடர்ந்த புருவமும் உண்டா என்று நோக்குவது, ஓரளவு நம்பத்தக்க ஜாதகப் பரீட்சை ஆகும்.

ஆனால் மயிர் உதிரவில்லை என்றால் அது எங்கே போகிறது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன், சில வருஷங்களுக்கு முன்பு, நாய்களுக்கு முடி திருத்தும் கடை ஒன்றில் ஒரு பிற்பகல் முழுவதும் காத்திருக்க நேராமல் போயிருந்தால்.

எனக்கு முன்னால் ஓர் அம்மையார் தம் ஷிட்ஸூ நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்ப்பதற்குப் பட்டு நூல் கட்டு போல இருந்தது அது. மேஜைமேல் ஏற்றியதும், முடி திருத்தும் இளைஞர் சீப்பை எடுத்து நாயின் முதுகில் வைத்து மெல்ல இழுத்தார். சீப்பு இரண்டு அங்குலம் போய் நின்றுவிட்டது. மேல் மயிரை விலக்கிக் காட்டினார். அடியில், தோலை ஒட்டினாற்போல், கம்பளம் நெய்தது போன்று மயிரெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. "இதைச் சீவ முடியாதும்மா, மொத்தமா எடுத்துடணும்" என்றார். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "தினம் சீவித்தானேப்பா விடறேன்" என்றார். "மேலாகச் சீவியிருக்கீங்க, சீப்போட பல்லு தோலைத் தொடணும்" என்று சொல்லிவிட்டு, இளைஞர் மிஷினைத் தோலோடு ஒட்டி ஓட்டினார். முக்கால் மணி நேரத்தில், பழைய கம்பளித் துண்டைப் போல ஒரே விரிப்பாக அந்த மயிர் கழன்று வந்தது. அதன் அடியிலிருந்த தோல் ரோஜா நிறத்தில் கன்றியிருந்தது; இடது காதின் பின்னால், மிளகு அளவில், நாலைந்து உண்ணிகள் வரிசையாகப் பற்றியிருந்தன. சுமை நீங்கிய அந்தச் சிறு பிராணி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் முதுகைத் தானே சொறிந்துகொண்ட காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது.

உதிராத மயிர் தரையில் விழாமல் நாயின் மேலேயே நின்று, பழைய மயிரும் புது மயிருமாகச் சிக்குப் பிடிக்கிறது. துடைப்பத்துக்குக் கிடைத்த ஓய்வு சீப்புக்கு வேலையாக வந்து சேருகிறது. தினம் கால் மணி நேரம் தோலைத் தொடும்படி சீவுவதும், நான்கு வாரத்துக்கோ ஆறு வாரத்துக்கோ ஒரு முறை கத்தரிப்பதும், ஒவ்வொரு தடவைக்கும் ஆயிரம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ கொடுப்பதும் இந்த ஜாதி நாய்களோடு கூடப் பிறந்தவை. நம் சீதோஷ்ணத்தில் இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. பூடில் போன்றவற்றுக்குக் காதின் உள்ளேயும் மயிர் வளர்வதால், கடற்கரைப் பட்டணங்களின் ஈரக் காற்றில் காது புழுங்கிச் சீழ் வைக்கிறது. அடர்ந்த சடைக்குள் உண்ணி இருந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது கடித்துப் பரப்பும் உண்ணிக் காய்ச்சலில் இரத்தத் தட்டுக்கள் குறைந்து, இரண்டே வாரத்தில் துள்ளித் திரிந்த நாய் படுத்த படுக்கையாகிவிடுவதும் உண்டு.

இனி, மாப்பிள்ளையின் தும்மல். முடி கொட்டாத நாய் ஒவ்வாமை தராது என்ற நம்பிக்கை உலகமெங்கும் வேரூன்றியதற்கு ஒரு ராஜாங்கக் கதை துணை செய்தது. 2008 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வெற்றி பெற்ற இரவில், வெள்ளை மாளிகைக்குக் குட்டி நாய் ஒன்று கூட வரும் என்று ஒபாமா தம் புதல்வியர்க்குப் பொதுமேடையிலேயே வாக்களித்தார். மூத்த பெண்ணுக்கு அலர்ஜி இருந்தபடியால், தேடிப் பிடித்து, 2009 ஏப்ரலில் 'போ' என்ற பெயருள்ள, 'போர்த்துக்கீசிய வாட்டர் டாக்' ஜாதி நாய் அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கும் முன்னே, 1980-களின் இறுதியில், ஆஸ்திரேலியாவில் கண்பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் சங்கத்தில் பணியாற்றிய வாலி கான்ரன் என்பவருக்கு, ஹவாய்த் தீவிலிருந்து பார்வையிழந்த ஒரு பெண்மணியின் வேண்டுகோள் வந்தது: வழிகாட்ட நாய் வேண்டும், ஆனால் கணவருக்கு நாய் மயிர் ஆகாது. கான்ரன் பல பூடில்களைப் பழக்கிப் பார்த்துத் தோற்று, கடைசியில் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். மூன்றின் மயிரையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பரிசோதித்ததில், ஒன்றே ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. 'லாப்ரடூடில்' என்று இன்று பெரும் விலைக்குப் போகும் கலப்பினத்தின் ஆதி கதை இதுதான். அதற்கு வழி வகுத்ததற்காகத் தாம் வருந்துவதாகக் கான்ரன் தம் முதிய வயதில் சொன்னார்.

ஒரே வயிற்றில் பிறந்த மூன்றில் ஒன்றுதான் ஒத்துக்கொண்டது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். தும்மலைக் கிளப்புவது மயிரன்று. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் பொடிச் செதிலிலும் உள்ள புரதம். 'கேன் எஃப் 1' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லா நாய்க்கும் எச்சில் உண்டு; எல்லா நாய்க்கும் தோல் உண்டு. அமெரிக்காவில் 173 வீடுகளின் தூசியை அளந்து 2011-இல் வெளியான ஆய்வு, ஒவ்வாமை தராதவை என்று பேர்பெற்ற நாய்கள் இருந்த வீடுகளிலும் மற்ற வீடுகளிலும் இந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் காணவில்லை. மறு வருஷம் நெதர்லாந்தில் வெளியான ஆய்வோ, பூடில் முதலிய 'நல்ல' நாய்களின் ரோமத்தில் அந்தப் புரதம் மற்றவற்றினும் அதிகமாகவே இருந்தது என்று கண்டது. உதிராத மயிரில் செதிலும் தங்கிவிடுகிறதோ என்னவோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகமே தவிர ஆய்வின் முடிவன்று. எப்படியாயினும், மாப்பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாங்குவதாக உத்தேசித்த அந்த நாயோடு, அதன் வீட்டிலேயே, நாலைந்து தடவை ஒவ்வொரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னே தும்மிவிடுவது மலிவு.

அடுத்தது, சின்னதாக இருக்க வேண்டும் என்பது. சின்ன நாய் குழந்தையைக் கடித்தாலும் பெரிய காயம் ஆகாது என்பதும், அடுக்குமாடி வீட்டுக்கு அடக்கமானது என்பதும் இந்த ஆசைக்குக் காரணம். அபாயம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். முழு வளர்ச்சி பெற்ற சிவாவா நாயின் எடை 3 கிலோவுக்கும் குறைவு. மால்டீஸ் நாயும் யார்க்‌ஷயர் டெரியரும் அதே அளவுதான். டாய் பூடிலும் ஏறத்தாழ அவ்வளவே. பிறந்த குழந்தையின் எடை உள்ள இந்தப் பிராணிகளின் முன்னங்கால் எலும்பு பென்சில் கனம்தான் இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையோ, அன்பு மேலிட்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டித் தூக்கும். கை வலித்தால் அப்படியே விட்டுவிடும். சோபாவிலிருந்து தானாகக் குதித்தே கால் முறித்துக்கொள்ளும் நாய்கள் இவை. அந்த எலும்பின் கீழ்ப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால், முறிந்தால் சீக்கிரம் கூடுவதுமில்லை. தன்னைவிட மூன்று மடங்கு எடையுள்ள ஒருத்தி தள்ளாடிக்கொண்டு தன்மேல் விழ வருகிறாள் என்று அஞ்சும் பிராணிக்கு, ஓட இடமில்லாதபோது பல்லைத் தவிர வேறு கதி என்ன? நாய்க்கடியில் சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முகத்திலேயே காயம்படுவதற்கும், கடிப்பது அநேகமாக வீட்டிலோ தெருவிலோ பழகிய நாயாகவே இருப்பதற்கும் காரணம் இந்த நெருக்கந்தான்.

ஆதலால், சின்னது வேண்டும், ஆனால் மிகச் சின்னது கூடாது. ஐந்து கிலோவுக்கு மேல் எட்டு ஒன்பது கிலோவுக்குள், உடம்பில் கொஞ்சம் கட்டு உள்ளதாக இருந்தால் நலம். அந்த அளவில் முடி கொட்டாத ஜாதிகளை நினைத்துப் பார்த்தேன். நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது ஷிட்ஸூ. சீன அரண்மனைகளில் மடிநாயாக வளர்ந்த பரம்பரை; குழந்தையிடம் பொறுமையில் அதற்கு முதல் மார்க்குப் போடலாம். ஆனால் மூக்கு முகத்துக்குள் அமிழ்ந்த ஜாதி அது. நாய்க்கு வியர்வை மூலம் உடம்பைத் தணித்துக்கொள்ளும் வசதி அனேகமாகக் கிடையாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே அதற்கு விசிறி. மூக்கே குறுகியதானால் விசிறி எப்படிச் சுழலும்? சித்திரை, வைகாசி வெயிலில் மின்சாரமும் போய்விட்டால் அதன் பாடு கஷ்டம். துருத்திய கண்களோ, குழந்தையின் விரல் நகம் பட்டாலே புண்ணாகிவிடக் கூடியவை. லாசா ஆப்ஸோ, இதே தோற்றமுள்ளதாயினும் சுபாவத்தில் வேறு: திபெத்தில் வாசலுக்கு வெளியே மாஸ்டிஃப் காவல், உள்ளே ஆப்ஸோ காவல் என்று வைத்திருந்தார்கள். புதியவரைச் சந்தேகிப்பதும், தன்மேல் கை வைத்தால் சகிக்காமையும் அந்த உத்தியோகத்தின் மிச்சம். பிஷான் ஃப்ரீஸே எல்லா வகையிலும் பொருத்தமானது. ஆனால் இந்த நாட்டில் நல்ல வம்சத்தில் கிடைப்பது துர்லபம், வெள்ளைச் சுருளைக் காப்பாற்றுவதோ தனி உத்தியோகம். மினியேச்சர் ஷ்நௌசர், ஜெர்மானியப் பண்ணைகளில் எலி பிடித்த குலத்தது, கட்டான உடம்பு, மீசை, குழந்தைகளிடம் பிரியம் எல்லாம் உண்டு. ஓயாமல் குரைக்கும், மேல் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

என் மனம் மினியேச்சர் பூடிலிடம் போய் நின்றது. உயரம் 25 முதல் 38 சென்டிமீட்டர். நீண்ட மூக்கு, ஆகவே மூச்சுக்குத் தட்டில்லை. புத்தி கூர்மையானது, சொன்னதை இரண்டாம் தடவையிலேயே பிடித்துக்கொள்ளும். பூடில் என்றதும் கண்காட்சிகளில் இடுப்பிலும் கணுக்காலிலும் பூப்பந்து வைத்தாற்போல் கத்தரித்து நிறுத்தும் கோலம் நினைவுக்கு வந்து, 'இதென்ன கோமாளி' என்று தோன்றும். உண்மையில் அது நீரில் இறங்கி, வேட்டையாடிய பறவையைக் கவ்வி வந்த உழைப்பாளி; நீந்துவதற்கு இடைஞ்சலாகாதபடி உடம்பு மயிரைக் களைந்து, மார்புக்கும் மூட்டுக்கும் மட்டும் குளிர் தாக்காமல் விட்ட ஏற்பாடுதான் பிற்காலத்தில் நாகரிகமாயிற்று. நம் வீட்டில் அந்த அலங்காரம் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு வெட்டுவது போல் உடம்பெங்கும் ஒரே கிராப்பு வெட்டிவிட்டால், சீவும் வேலை பாதியாகக் குறையும்.

குட்டியாக வாங்க வேண்டுமா என்பதிலும் எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. குட்டியும் குழந்தையும் கூடவே வளரும் என்பது படத்தில் பார்க்க அழகு. நாய்க்குட்டியின் பால்பற்கள் ஊசி போன்றவை. நாலைந்து மாதம் வரையில் கண்டதையெல்லாம், குழந்தையின் கணுக்கால் உட்பட, வாயில் வைத்தே அது உலகத்தை அறியும். ஒரு பக்கம் குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு, மறு பக்கம் குட்டிக்காகத் தரை துடைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டும் சேர்ந்து அழ, ஒரு தாய் எத்தனை நாள் தாங்குவாள்? குழந்தைகளோடு பழகி வளர்ந்த, இரண்டு மூன்று வயதான நாயை, வெளிநாடு செல்லும் குடும்பம் எதுவாவது விட்டுவிட்டுப் போக நேரும்போது ஏற்பதே சிலாக்கியம். அதன் குணம் நன்றாகத் தெரிந்திருக்கும். குட்டிதான் என்று பிடிவாதமானால், 2017-ஆம் ஆண்டின் மத்திய சர்க்கார் விதிகளின்படி இரண்டு மாதம் நிரம்பாத குட்டியை விற்பது குற்றம் என்பதும், விற்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்கக் கூடாது.

நாய் வந்த பிறகு நடப்பதைப் பற்றி நான் அவளுக்கு எழுதியதில் ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், ஒன்றரை வயதுப் பையன் முறுக்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நாயின் கழுத்தைக் கட்டியிருந்தான். வீட்டார் மூவரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாய் முதலில் முகத்தை மறுபக்கம் திருப்பிற்று. பிறகு, தின்ன ஒன்றும் இல்லாமலே நாக்கால் தன் மூக்கை நக்கிற்று. பிறகு ஒரு கொட்டாவி. "பாரு, நாய்க்குத் தூக்கம் வருது" என்று சிரித்தார்கள். அதன் கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்ததையும், வால் அசைவது நின்று உடம்பு பலகை போல் விறைத்ததையும் கண்டு நான் எழுந்து பையனைத் தூக்கிக்கொண்டேன். மூன்று தடவை மரியாதையாக 'வேண்டாம்' என்று சொன்ன பிராணியின் அடுத்த வார்த்தை உறுமல். அதற்கும் செவி சாய்க்காவிட்டால் கடி. உறுமியதற்காக நாயை அடிக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும்; கடிப்பதை விடாது. பெரியவர் ஒருவர் கண் முழுதும் வைத்திராத ஒரு நிமிஷம்கூட இரண்டும் தனித்திருக்கக் கூடாது. குழந்தை எட்ட முடியாத ஒரு மூலை நாய்க்கு என்று வீட்டில் இருந்தாக வேண்டும்.

மற்றவை சில்லறை, ஆனால் விட முடியாதவை. குட்டிக்குக் குடற்புழு மருந்து தவறாமல் கொடுக்க வேண்டும். அதன் உருளைப் புழுவின் முட்டை மண் வழியாகக் குழந்தையின் வாய்க்கும் போகும். மூன்று மாதம் நிறைந்ததும் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொன்ன கெடுவில் அடுத்தடுத்து. வீட்டு நாயே பிராண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது, இப்போது கையில் போடும் சில ஊசிகளோடு சரி. குழந்தை பாயசத்திலிருந்து பொறுக்கிப் போடும் உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். சாக்லேட்டும் வெங்காயமும் ஆகா. தயிர்ச் சாதம் தோஷமில்லை, அதுவே ஆகாரமாகிவிடாதிருந்தால்.

இவ்வளவையும் எழுதி, கடைசியில் இரண்டு பரீட்சைகள் வைத்தேன். குழந்தையிடம் நீண்ட சடையுள்ள பொம்மை நாய் ஒன்று இருப்பதை நான் அறிவேன். ஒரு மாத காலம், மாப்பிள்ளை தினம் இரவு கால் மணி நேரம் அந்தப் பொம்மையை மடியில் வைத்து, அடிவரை சீப்பு இறங்கும்படி சீவ வேண்டும். சீவிய நாளுக்குத் தினசரிக் காலண்டர்த் தாளில் ஒரு கோடு போட வேண்டும். தம்பி மகள், குழந்தையின் கையிலிருந்து அந்தப் பொம்மை எத்தனை தடவை விழுகிறது என்று ஒரே ஒரு மாலைப்பொழுது எண்ணிப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டதாக அறிந்தேன்.

புரட்டாசி முடிவில் தொலைபேசி வந்தது. முப்பது தாளில் பதினொரு கோடுதான் விழுந்திருந்ததாம். அதிலும் மூன்று, ஒரே இரவில் சேர்த்துப் போட்டவை என்று பின்னாலிருந்து மாப்பிள்ளையே ஒப்புக்கொண்டார். பொம்மை விழுந்த கணக்கைக் கேட்டேன்.

"சோபாலேர்ந்து மட்டும் ஏழு தடவை, பெரியப்பா. ஒரு தடவை பால்கனிக் கம்பிக்கு வெளியே நீட்டிட்டா. நாய் இப்ப வேண்டாம், அவளுக்கு நாலு வயசு ஆகட்டும்" என்றாள்.

அது சரி, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். பொம்மையின் இடது காதை மூன்றாம் முறையாகத் தைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.